குளுக்கோகைனேசுக்கு உபஅலகு ஒன்றுதான், அப்படியிருக்க எஸ் வளைவு எப்படி வருகிறது?

வந்தாறுமூலை_செக்கன்ட்இயர்:

வணக்கம். அடுத்த கிழமை கெம்பஸில் எனக்கு ஒரு செமினார், தலைப்பு மனித குளுக்கோகைனேசு. ஏ.எல். படிக்கும்போது இது கிளைக்கோப்பகுப்பின் முதல் படி என்று ஒரே வரியில் கடந்துபோன விஷயம்: கலத்தின் சக்தி மூலக்கூறான ஏ.டி.பி.யிலிருந்து (ATP) ஒரு பொசுபேற்றைக் கழற்றி குளுக்கோசின் ஆறாவது காபனில் ஏற்ற வேண்டும், ஏற்றுவது ஹெக்சோகைனேசு, கதை முடிந்தது. இப்போது பார்த்தால் அதே வேலைக்கு எங்கள் உடம்பில் நான்கு நொதியங்கள். முதல் மூன்றும் கிட்டத்தட்ட 100 கிலோடால்டன், நான்காவதான குளுக்கோகைனேசு அதில் பாதி. மூளையில் இருக்கும் முதலாவது லீற்றருக்கு 0.1 மில்லிமோலுக்கும் குறைந்த குளுக்கோசிலேயே பாதி வேகத்தைத் தொட்டுவிடுகிறது, குளுக்கோகைனேசு பாதி வேகத்துக்கு வர 8 மில்லிமோல் அளவு தேவைப்படுகிறது. ஈரலிலும் சதையியிலும் (கணையம்) போய் இப்படி ஒரு மந்தமான நொதியத்தை ஏன் வைத்திருக்கிறது?

அதைவிடப் பெரிய தலையிடி இது: குளுக்கோசுச் செறிவுக்கு எதிராக இதன் வேகத்தை வரைந்தால் எஸ் வடிவில் வளைவு வருகிறது. ஹீமோகுளோபினில் எஸ் வளைவு வருவது நான்கு உபஅலகுகள் (தனித்தனிப் புரதச் சங்கிலிகள்) ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வதால் என்றுதான் படித்திருக்கிறோம். குளுக்கோகைனேசு தனிச் சங்கிலி, 465 அமினோ அமிலம், குளுக்கோசு பிடிக்கும் இடமும் ஒன்றே ஒன்று. பிறகு யாருக்கு யார் சொல்வது? ஹில் எண் (வளைவு எவ்வளவு எஸ் வடிவம் என்று காட்டும் அளவு, 1 என்றால் எஸ் இல்லை) 1.7 என்று போட்டிருக்கிறார்கள். சேரிடம் கேட்டால் நீயே தேடிப் பாரு என்கிறார். யாராவது விளங்கப்படுத்துவீர்களா?

கல்லடிப்_பாலத்தடி:

தங்கச்சி, முதல் கேள்வி லேசு. மந்தமாக இருப்பதுதான் அதனுடைய உத்தியோகமே. சாப்பிடாமல் இருக்கும்போது இரத்தத்தில் குளுக்கோசு 4 முதல் 5 மில்லிமோல் அளவில் நிற்கும். மூளையின் ஹெக்சோகைனேசுக்கு அதுவே தேவைக்கு மேல், ஆகவே இரத்தத்தில் சீனி ஏறினாலும் இறங்கினாலும் அதற்குப் பெரிதாகத் தெரியாது. ஈரலில் இருப்பதும் அப்படியே இருந்திருந்தால், நோன்பு நேரத்தில் தான் வெளியே விட வேண்டிய குளுக்கோசை ஈரல் தானே பிடித்து விழுங்கிக்கொண்டிருக்கும். உன்னிச்சைக் குளம் நிறைந்த பிறகுதானே வான் (மிகைநீர் வழி) பாயும், ஈரலும் அந்த மாதிரிதான், சோறு சாப்பிட்டு குடலிலிருந்து வரும் நாளத்தில் 10 மில்லிமோலுக்கு மேல் வரும்போதுதான் நன்றாக இழுக்கத் தொடங்கும். வானுக்கு ஒரு குறித்த மட்டம் இருக்கிறது, இதற்கு அப்படி வெட்டின கோடு இல்லை, வளைவுதான். அந்த வளைவு அதிகம் செங்குத்தாக ஏறும் இடம் 4 மில்லிமோலை ஒட்டி வருவதைக் கவனி. சரியாக எங்கள் உடம்பு பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய இடம்.

இன்னொன்று, ஹெக்சோகைனேசு ஒன்று முதல் மூன்று வரைக்கும் தாங்கள் உண்டாக்கும் குளுக்கோசு 6 பொசுபேற்றே நிரோதி (தடுப்பான்), பொருள் குவிந்தால் வேலை நிற்கும். குளுக்கோகைனேசு அதற்கு மசியாது. வருவதை எல்லாம் வாங்கிக் கிளைக்கோசனாக்கும் ஈரலுக்கு அப்படித்தான் வேண்டும்.

இப்போது எஸ் வளைவு. கட்டமைப்பைப் பார்க்காமல் இது விளங்காது. நொதியத்தில் பெரிய பகுதி ஒன்று, சிறிய பகுதி ஒன்று, நடுவில் ஆழமான ஒரு பிளவு, அந்தப் பிளவின் அடியில்தான் குளுக்கோசு உட்காரும். பெரிய பகுதியிலிருந்து 256ஆம், 290ஆம் குளூட்டமிக் அமிலங்களும் சிறிய பகுதியிலிருந்து 168ஆம் திரியோனினும் 169ஆம் லைசினும் அதைப் பிடிக்கும், இணைக்கும் துண்டிலிருந்து 204உம் 205உம். அந்த 205ஆம் அஸ்பாட்டிக் அமிலம்தான் குளுக்கோசின் ஆறாவது காபனில் உள்ள ஐதரொட்சில் கூட்டத்தின் ஐதரசனை இழுத்தெடுத்து, பொசுபேற்று வந்து ஒட்ட வழி விடுவது. 2004இல் ஜப்பானில் ஒரு குழு இதன் பளிங்குக் கட்டமைப்பை வெளியிட்டது. குளுக்கோசு இல்லாதபோது சிறிய பகுதி ஒரேயடியாக விலகிக் கிடக்கிறது, பிளவு அளவுக்கு மிஞ்சித் திறந்திருக்கிறது, கடைசியில் உள்ள 13ஆவது சுருள் தன் இடத்தை விட்டு வெளியே வந்து நிற்கிறது. குளுக்கோசு வந்தால் மூடும். ஏ.எல்.லில் படித்த தூண்டப்பட்ட பொருத்தம், 1958இல் கோஷ்லண்ட் சொன்னதுதான், ஆனால் இங்கே ஆட்டம் மிகப் பெரிது. மற்றது, மெதுவானது.

அந்த மெதுவில்தான் உன் விடை இருக்கிறது. ஒரு குளுக்கோசை முடித்து அனுப்பியதும் நொதியம் உடனே முழுசாகத் திறந்துவிடுவதில்லை, கொஞ்ச நேரம் பாதி மூடிய நிலையில், அடுத்ததுக்குத் தயாராக நிற்கிறது. அந்த இடைவெளிக்குள் இன்னொரு குளுக்கோசு வந்தால் திரும்ப மூடும் சிரமம் இல்லை, வேகம் கூடும். செறிவு குறைவென்றால் அடுத்தது வர நேரமெடுக்கும், அதற்குள் நொதியம் தளர்ந்து திறந்துவிடும், பிறகு முதலிலிருந்து மெதுவாக மூட வேண்டும். ஆகவே சொல்வது பக்கத்து உபஅலகு அல்ல, போன சுற்று இந்தச் சுற்றுக்குச் சொல்கிறது. நொதியத்துக்கு ஒரு சின்ன ஞாபகம் என்று வைத்துக்கொள். இது சும்மா கதை இல்லை, ஸ்டோரரும் கோர்னிஷ்-போடனும் 1977லேயே காட்டியது: ஏ.டி.பி.யை மிகவும் குறைத்தால் ஹில் எண் 1ஐ நோக்கி இறங்கிவிடும். ஏ.டி.பி. வராமல் தாக்கம் தாமதமாகும்போது எல்லா நொதியத்துக்கும் ஆறுதலாக சமநிலைக்கு வர நேரம் கிடைக்கிறது, ஞாபகம் போய்விடுகிறது, எஸ்ஸும் போய்விடுகிறது. ஹீமோகுளோபின் வகை ஒத்துழைப்பு என்றால் இப்படி மறையாது. செமினாரில் இந்த ஒரு வரைபைப் போட்டாயென்றால் மற்ற ஸ்லைட்டுகள் கூடக் குறையப் பரவாயில்லை.

அக்கரைப்பற்று_லெப்:

கல்லடி அண்ணன் ஈரலைச் சொல்லிவிட்டார், சதையியை விட்டுவிட்டார். அங்கே இன்சுலின் சுரக்கும் பீட்டா கலத்தில் இதே நொதியம்தான் சீனியை அளக்கிற கருவி. குளுக்கோசு கூடினால் குளுக்கோகைனேசு வேகம் கூடும், ஏ.டி.பி. கூடும், பொட்டாசியம் வாயில் மூடும், கல்சியம் உள்ளே வரும், இன்சுலின் வெளியே போகும். இதை ஆண்டுக்கணக்காகச் சொல்லி நிறுவியவர் ஃபிரான்ஸ் மச்சின்ஸ்கி. ஈரலுக்கும் சதையிக்கும் மரபணு ஒன்றே, ஆனால் வாசிக்கத் தொடங்கும் இடம் வேறு, அதனால் புரதத்தின் தலைப்பக்கத்தில் பதினைந்து அமினோ அமிலமளவு வேறுபடும். ஈரலில் இதன் அளவைக் கூட்டுவது இன்சுலின், பட்டினி கிடந்தால் குறையும். சதையியில் அந்த நாடகம் இல்லை.

ஈரலில் இன்னொரு ஆள் இருக்கிறார், குளுக்கோகைனேசைக் கட்டுப்படுத்தும் புரதம், 1989இல் வான் ஷாஃப்டிங்கன் கண்டுபிடித்தது. சீனி குறைவான நேரத்தில் இது நொதியத்தைப் பிடித்துக் கலத்தின் கருவுக்குள் வைத்துக்கொள்ளும், அதுவும் அந்த விரிந்து திறந்த நிலையிலேயே. புருக்டோசு 1 பொசுபேற்று வந்தால் விட்டுவிடும். சீனி போட்ட பிளேன்டீ குடித்தாலே கொஞ்சம் புருக்டோசு உள்ளே போகிறதுதானே.

நான் சொல்ல வந்தது வேறு. இந்த மரபணுவின் ஒரு பிரதி பழுதானால் கருவியின் அளவுகோல் மேலே நகர்ந்துவிடும். அந்த ஆட்களுக்கு வெறும் வயிற்றில் இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு 100 முதல் 145 மில்லிகிராம் வரை நிற்கும், பிறந்ததிலிருந்தே, பெரிதாகக் கூடவும் மாட்டாது. எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் அளவு) பெரும்பாலும் 7.6க்குக் கீழே. 1992இல் மரபணுவோடு தொடர்பு உறுதியானது. பொதுவாக மருந்து தேவைப்படாது. இரண்டு பிரதியும் பழுதானால் பச்சைப்பிள்ளையிலேயே இன்சுலின் இல்லாமல் முடியாது. எதிர்ப்பக்கமும் உண்டு, நொதியம் அளவுக்கு மிஞ்சிச் சுறுசுறுப்பாகும் மாற்றம் இருந்தால் சீனி இறங்கி மயக்கம் வரும்.

வாழைச்சேனை_நானா:

படிக்கிற பிள்ளைகளின் இடத்தில் நுழைந்ததுக்கு குறை நினைக்க வேண்டாம். எனக்கு 118, வாப்பாவுக்கும் அந்தக் காலத்தில் 120 அளவில்தான் இருந்தது, நான் மெலிந்த ஆள். கிளினிக்கில் மெட்போமின் தந்திருக்கிறார்கள். மேலே சொன்னது எனக்கும் பொருந்துது போல இருக்குது. குளிசையை விடலாமா?

அக்கரைப்பற்று_லெப்:

நானா, விடவே வேண்டாம். எங்கள் பகுதியில் மெலிந்த ஆட்களுக்கும் சாதாரண இரண்டாம் வகை சீனி வருத்தம் தாராளமாக வருகிறது, அதுவும் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகிற மாதிரித்தான் தெரியும். 118 என்ற ஒரு எண்ணை வைத்து யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, அதுவும் குளிசை எடுத்துக்கொண்டிருக்கும்போது வந்த 118. பழைய ரிப்போட் துண்டுகள் வீட்டில் கிடந்தால் தேடி எடுங்கள். ஆண்டுக்காண்டு மெல்ல ஏறுகிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். 75 கிராம் குளுக்கோசு குடித்து இரண்டு மணித்தியாலத்தில் பார்க்கும் சோதனையில் இந்த நொதியப் பழுதுள்ளவர்களுக்கு ஏற்றம் பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும். ஆனால் தீர்மானமாகச் சொல்வது மரபணுச் சோதனைதான். எல்லாத் துண்டையும் டொக்டர் முன்னால் வையுங்கள், குளிசையைப் பற்றி அவர் சொல்லட்டும்.

வந்தாறுமூலை_செக்கன்ட்இயர்:

அண்ணன், அந்த ஏ.டி.பி. விஷயம் எந்த நோட்ஸிலும் இல்லை, பெரிய உபகாரம். கடைசியாக ஒன்று: மந்தமாக இருப்பதுதான் நல்லது என்றால், இந்த நொதியத்தைச் சுறுசுறுப்பாக்கும் மருந்து செய்கிறார்களே, அது ஏன்?

கல்லடிப்_பாலத்தடி:

நல்ல இடத்தில் பிடித்தாய். பிளவிலிருந்து 20 அங்ஸ்ட்ரம் அளவு தள்ளி இன்னொரு பொந்து இருக்கிறது. நொதியம் முழுசாகத் திறந்து கிடக்கும்போது அந்தப் பொந்தே இல்லை, மூடத் தொடங்கும்போதுதான் உருவாகும். மருந்து அங்கே போய் உட்கார்ந்து, திரும்பத் திறக்கவிடாமல் தாங்கிக்கொள்ளும், ஆகவே குறைந்த குளுக்கோசிலேயே வேகம் வரும். மேலே லெப் சொன்ன மயக்கம் வரும் மாற்றங்களில் பலவும் இந்தப் பொந்தைச் சுற்றியே. ஆகவே உன் பயம் நியாயமானது. 2003இல் முதல் மருந்து மூலக்கூறு பற்றி வந்தபோது பெரிய ஆரவாரம், பிறகு வந்த பலவற்றில் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கியது, ஈரலிலும் இரத்தத்திலும் கொழுப்பு கூடியது, சில மாதத்தில் பலனும் குறைந்தது. டோர்சாகிளியாட்டின் மட்டும் 2022இல் சீனாவில் அனுமதி வாங்கியது.

செமினாருக்கு புரத வங்கியிலிருந்து (புரதக் கட்டமைப்புகளின் இணையக் களஞ்சியம்) 1வி4எஸ் (1V4S), 1வி4டி (1V4T) இரண்டையும் இறக்கி, பெரிய பகுதிகளை ஒன்றின்மேல் ஒன்று பொருத்திக் காட்டு. முதலாவது மூடியது, அதில் குளுக்கோசோடு மருந்தும் இருக்கும். இரண்டாவது திறந்தது. 13ஆவது சுருளுக்கு மட்டும் வேறு நிறம் கொடு, மற்றதெல்லாம் சாம்பல் நிறமாக இருக்கட்டும்.