படகுத்துறையில் வேலை ஏன் நின்றது?

தம்பி (காலை 7.10): அக்கா, நேற்று விடுதி கட்டும் பக்கம் போனேன். மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். படகுத்துறையில் மட்டும் ஒரு சத்தமும் இல்லையே?

நான் (7.14): நான்தான் நிறுத்தச் சொன்னேன். கட்டும் வேலையால் கடல் கெடாமல் பார்ப்பதுதானே என் பொறுப்பு. பைல், அதாவது கடலடியில் இறக்கும் தூண், அடிக்கும் இடத்தைச் சுற்றிச் சேறு பரவாமல் இருக்கக் கட்டிய வண்டல் திரையின் அடிப்பகுதியை நீரோட்டம் தூக்கிவிட்டது. கலங்கல் வரம்பைத் தாண்டியது.

மாமா (7.21): நாற்பது வருடம் கட்டுமானத்தில் இருந்தவன் சொல்கிறேன், கடலில் பைல் அடித்தால் சேறு கிளம்பத்தான் செய்யும். காற்று பலமாக அடித்தாலே கலங்குகிற தண்ணீர்தானே அம்மா?

நான் (7.26): அதனால்தான் மாமா, ஒரே இடத்தில் அளப்பதில்லை. நீரோட்டம் வரும் பக்கம் ஒரு கருவி, போகும் பக்கம் ஒரு கருவி. இரண்டிலும் சேர்ந்து ஏறினால் கடல் தானாகவே கலங்கியிருக்கிறது. போகும் பக்கம் மட்டும் ஏறினால் கலக்கியது நாம். நேற்று அப்படித்தான் ஏறியது.

சித்தி (7.30): இரண்டு நாள் கலங்கினால் பவளத்துக்கு என்ன ஆகிவிடும்?

நான் (7.37): பவளத்தின் உடம்புக்குள் நுண்பாசி குடியிருக்கிறது சித்தி. வெளிச்சத்தைக் கொண்டு அது ஆக்கித் தருவதுதான் பவளத்துக்குப் பெரும்பகுதி உணவு. தண்ணீர் கலங்கினால் வெளிச்சம் குறைந்து உணவும் குறைகிறது. அந்த நிலையில் மேலே படியும் மண்ணையும் அது கோழை சுரந்து தள்ளியாக வேண்டும். நாள்கணக்கில் படிந்தால் தாங்காது. செத்த பவளம் திரும்ப வளரப் பல ஆண்டுகள் ஆகும். வேலையை நாளைக்கும் செய்யலாம்.

தம்பி (7.39): ஒப்பந்தக்காரர் சும்மா விட்டாரா?

நான் (7.43): கோபப்பட்டார். வேலை நின்றாலும் கிரேனுக்கு வாடகை ஓடுகிறது, அவர் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் கோப்பில் செருகி வைப்பதற்காகவா நான் தினமும் அளக்கிறேன்? வரம்பு தாண்டியும் வேலை நடந்தால் அந்தக் கருவியே வேண்டியதில்லை.

மாமா (7.50): சரி, ஒப்புக்கொள்கிறேன். எனக்கு இன்னொரு கவலை. கடலோரத்தில் சுவர் கட்டுகிறார்களா? சுவர் முடியும் இடத்துக்கு அப்பால் அலை மண்ணை அரித்துக்கொண்டு போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் (7.54): வரைபடத்தில் சுவர் இல்லை மாமா. கட்டிடத்தையே பின்னால் தள்ளிவிட்டார்கள். வேலை தொடங்கும் முன்பே கரையின் உயரத்தை அளந்து வைத்திருக்கிறோம். அந்த முதல் அளவு இல்லையென்றால், பிறகு மணல் குறைந்தால் யார் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

சித்தி (7.58): ஆமைகள் வரும் கரை ஆயிற்றே. விளக்குப் போட்டால் குஞ்சுகள் வழி தவறுமே?

நான் (8.02): ஆமாம் சித்தி. இரவில் வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நம்பி ஊரும். கடலைப் பார்த்த விளக்குகளைத் தாழ்வாக, மேலே மூடி, செம்மஞ்சள் நிறத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். இரண்டு விளக்குகள் இன்னும் வெள்ளையாகவே எரிகின்றன. இன்று அதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.

மாமா (8.05): திரையின் அடியில் கனமான சங்கிலி கோக்கச் சொல். தூக்காது.

நான் (8.06): கோத்துக்கொண்டிருக்கிறார்கள் மாமா. மதியம் படகில் போய் மறுபடி அளப்பேன். அளவு இறங்கியிருந்தால் நாளை பைல் அடிக்கலாம்.