பழைய அறிவியல் புனைகதைக்கு இணைப்பு கொடுத்தால் திருட்டா?

வால்நட்சத்திரம்: 1950களில் ஒரு பத்திரிகையில் வந்த கதை, பழைய நூல்களைத் தரும் குட்டன்பெர்க் இணையதளத்தில் இலவசமாகக் கிடைத்தது, படித்த வேகத்தில் விமர்சனம் எழுதி இணைப்பையும் போட்டேன், உடனே ஒருவர் திருட்டு என்று திட்டுகிறார். தப்பா?

பழையதாள்: இல்லை. அமெரிக்காவில் 1963 வரை வெளியானவற்றுக்கு வெளியானதிலிருந்து 28ஆம் ஆண்டில் பதிப்புரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும், பத்திரிகைக் கதைகள் பலவற்றுக்கு யாரும் அதைச் செய்யவில்லை, அதனால் அங்கே அவற்றை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். மற்ற நாடுகளில் பெரும்பாலும் ஆசிரியர் இறந்த ஆண்டிலிருந்துதான் பதிப்புரிமைக் காலத்தின் கணக்கு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோபோபூனை: இணைப்பு சரி, ஆனால் இரண்டாவது வரியிலேயே முடிவைச் சொல்லிவிட்டீர்களே, அப்புறம் எதற்குப் படிப்பது?

வால்நட்சத்திரம்: ஐயோ. இப்போதே திருத்துகிறேன்.