அந்துப்பூச்சிகளை விரட்டாமல் நின்று பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

நிலாமுற்றம்:
விளக்கைச் சுற்றி அந்துப்பூச்சி வந்துவிட்டால் எங்கள் வீட்டில் உடனே துடைப்பத்தை எடுத்துவிடுகிறார்கள். துணியை அரித்துவிடும் என்கிறார் ஒருவர், றெக்கைத் தூள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்கிறார் இன்னொருவர். இதே வீட்டுக்குள் பட்டாம்பூச்சி வந்தால் எல்லோரும் கூடி நின்று ரசிக்கிறார்கள். சமீபத்தில் ஜன்னல் ஓரம் ஒன்று உட்கார்ந்திருந்தது, விரல் நீளத்துக்குத் தடித்த உடம்பு, றெக்கை முழுக்க அடர்பச்சையும் இளம்பச்சையும் அலை அலையாக, நடுவே வெளிறிய ரோஜா நிறத்தில் பட்டைகள். இவ்வளவு அழகான ஒன்றை ஏன் அடிக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. இது என்ன வகை? இவற்றால் பயன் ஏதும் உண்டா? வீட்டில் எடுத்துச் சொல்ல எனக்கு நாலு வார்த்தை வேண்டும்.

சருகுவண்டு:
நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அரளி ஹாக் மாத் (hawk moth) என்ற அந்துப்பூச்சி மாதிரி இருக்கிறது. பக்கத்தில் அரளியோ நந்தியாவட்டையோ இருந்தால் இலைகளைப் புரட்டிப் பாருங்கள். புழுவும் பார்க்க வேண்டிய ஒன்றுதான், தலைக்குக் கொஞ்சம் பின்னால் இரண்டு நீலக் கண் வரைந்தது போல இருக்கும், சீண்டினால் உடம்பை வளைத்து அந்தக் கண்களை எதிரிக்குக் காட்டும். மாடு தின்றால் செத்துப்போகும் அரளி இலையைத் தின்றே அது வளர்கிறது.

துணி விஷயத்தை வீட்டில் இப்படிச் சொல்லுங்கள். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட அந்துப்பூச்சி வகைகள் சுமார் 1,60,000. பட்டாம்பூச்சிகள் இருபதாயிரத்தைத் தாண்டாது. அத்தனை அந்துப்பூச்சிகளில் கம்பளியையும் பட்டுத் துணியையும் அரிப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில சின்ன வகைகள்தான், அதிலும் அரிப்பது புழு, பறக்கும் பூச்சி அல்ல. அவை பெரும்பாலும் வெளிச்சத்தை நாடுவதே இல்லை, அலமாரி இருட்டுதான் அவற்றுக்குப் பிடிக்கும். விளக்கடியில் பார்ப்பவற்றை அடிப்பதால் புடவைக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது.

றெக்கைத் தூள் என்பது வெறும் செதில். அந்த நிறமும் கோலமும் செதில்களால் ஆனவைதான். சிலந்தி வலையில் மாட்டினால் செதில்கள் வலையில் ஒட்டிக்கொண்டு கழன்றுவிடும், பூச்சி வழுக்கித் தப்பிவிடும். கண்ணைக் குருடாக்கும் என்பது வெறும் பயம்.

இருட்டுப்பிரியை:
பயன் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். வெள்ளையாகப் பூத்து, பொழுது சாய்ந்ததும் வாசம் தூக்கும் பூக்களைக் கவனித்திருப்பீர்களே, அவற்றில் பலவும் அந்துப்பூச்சிகளுக்காகவே பூப்பவை. பப்பாளிக்கு மகரந்தம் சுமப்பதில் ஹாக் மாத்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மடகாஸ்கரின் ஓர் ஆர்க்கிட் பூவில் ஏறக்குறைய 30 செ.மீ. நீளக் குழலின் அடியில் தேன் இருப்பதைப் பார்த்துவிட்டு, அவ்வளவு நீள உறிஞ்சுகுழல் உள்ள ஒரு அந்துப்பூச்சி அங்கே இருந்தே ஆக வேண்டும் என்று 1862இல் டார்வின் எழுதினார். அவர் இறந்து இருபது வருடத்துக்கு மேல் கழித்து, 1903இல்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள். எனக்கு இதை எத்தனை தடவை படித்தாலும் சிலிர்க்கும்.

அப்புறம் சாப்பாட்டுக் கணக்கு. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் பூச்சியையும் புழுவையும்தான் ஊட்டும். புழு குறைந்தால் குஞ்சு பட்டினி. இரவில் வௌவால்களுக்கும் இதுவே உணவு, ஆனால் அந்துப்பூச்சிகள் சும்மா மாட்டிக்கொள்வதில்லை. புலி அந்துப்பூச்சிகளில் பலவும் நம் காதுக்குக் கேட்காத மீயொலியில் 'டிக் டிக்' என்று திருப்பி ஒலி எழுப்பும், சிலவற்றின் ஒலியில் வௌவாலுக்குக் கணக்கு தப்பிவிடும். லூனா அந்துப்பூச்சியின் நீண்ட வால் பறக்கும்போது சுழலும், வௌவால் உடம்பை விட்டுவிட்டு வாலைக் கடிக்கும், பூச்சி பிழைத்துவிடும்.

வயல்காற்று:
அழகெல்லாம் சரி, ஆனால் மக்காச்சோளம் போட்டவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். படைப்புழுவும் அந்துப்பூச்சியின் புழுதான், காய்ப்புழுவும் அப்படித்தான். குருத்தையே தின்று தீர்த்துவிடும். எல்லாவற்றையும் காப்பாற்று என்றால் விவசாயி எங்கே போவான்?

இருட்டுப்பிரியை:
நியாயமான கேள்வி, அந்த நஷ்டத்தைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் இத்தனை ஆயிரம் வகைகளில் பயிருக்குப் பகையானவை கொஞ்சம்தான், அவற்றை மட்டும் குறிவைக்க வழியும் இருக்கிறது. இனக்கவர்ச்சிப் பொறி ஒரு வகையின் ஆண் பூச்சியைத்தான் இழுக்கும், அதனால் எந்தப் பூச்சி எவ்வளவு வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ப மருந்தை முடிவு செய்யலாம். விளக்குப்பொறியில் வந்ததெல்லாம் விழும், நல்லதும் சேர்ந்து சாகும். பார்த்த இடமெல்லாம் மருந்து அடித்தாலோ, படைப்புழுவின் முட்டைக்குள்ளேயே முட்டையிட்டு அதை அழிக்கும் டிரைக்கோகிராமா குளவியும் போய்விடும். அந்தக் குளவி உங்கள் பக்கம் நிற்கும் ஆள்.

சருகுவண்டு:
விளக்கைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பூச்சி ஆசைப்பட்டு விளக்குக்கு வருவதில்லை. இரவில் வானம்தான் தரையைவிட வெளிச்சம், அதனால் பல பூச்சிகள் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி எது மேல், எது கீழ் என்று உணர்கின்றன. பல்ப் எரிந்தால் அதை வானம் என்று எடுத்துக்கொண்டு முதுகைத் திருப்பித் திருப்பி அங்கேயே சுற்றுகின்றன. 2024இல் வெளியான ஆய்வில் அதிவேகக் கேமராவில் பதிவு செய்து காட்டினார்கள் (அரளி ஹாக் மாத் போன்ற ஓரிரண்டு மட்டும் ஏனோ அந்தச் சோதனையில் அப்படித் திரும்பவில்லை). தெருவிளக்கு அடியில் இருந்த வேலிப்புதர்களில் விளக்கில்லாத புதர்களைவிட அந்துப்பூச்சிப் புழுக்கள் 47 சதவீதம் குறைவு என்று தெற்கு இங்கிலாந்தில் எண்ணிப் பார்த்து 2021இல் சொல்லியிருக்கிறார்கள். அதனால் வெளி விளக்கைத் தேவைக்கு மட்டும் போடுங்கள், மஞ்சள் ஒளியாக, கீழ்நோக்கி இருந்தால் இன்னும் நல்லது.

நிலாமுற்றம்:
நாலு வார்த்தை கேட்டேன், நாற்பது கிடைத்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி! வீட்டில் பிள்ளைகளுக்கு இவற்றை நன்றாகக் காட்ட வேண்டும், எப்படிச் செய்வது?

இருட்டுப்பிரியை:
நிலவு இல்லாத, காற்று அடங்கிய இரவில் ஒரு வெள்ளை வேட்டியைத் திரைபோலக் கட்டி அதன்மேல் விளக்கு அடியுங்கள், ஒரு மணி நேரம் போதும், படம் எடுத்துக்கொண்டு அணைத்துவிடுங்கள். விடியும்வரை எரிய விட்டால் காலையில் துணியில் ஒட்டிக் கிடப்பதையெல்லாம் பறவைகள் பொறுக்கித் தின்றுவிடும். றெக்கையைப் பிடிக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். உடம்பெல்லாம் ரோமம் உள்ள புழுக்களை மட்டும் தொடவே விடாதீர்கள், சிலவற்றின் ரோமம் பட்டால் தோல் தடித்து அரிக்கும்.