500 ரூபாய்க்குள் பழுப்பு நிற ஐ ஷேடோ பேலட்: நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மஞ்சக்குப்பம் டீச்சர் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. மாநிறத்தைவிட ஒரு படி கறுப்பு. இமையில் எண்ணெய் வழியும். காலை எட்டு மணிக்கு ஐ ஷேடோ போட்டுக்கொண்டு கிளம்பினால், இரண்டாவது பாடவேளை முடிவதற்குள் இமை மடிப்பில் கோடாகத் திரண்டுவிடுகிறது.

தீபாவளிக்கு முன்பு லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடையில் 350 ரூபாய் கொடுத்துப் பதினெட்டு நிறங்கள் கொண்ட பேலட் ஒன்று வாங்கினேன். பாலேட்டு நிறத்தில் தொடங்கிக் காப்பிக்கொட்டை நிறம்வரை வரிசையாக அத்தனை அழகாக இருந்தது. கடைப்பெண் விரலால் தொட்டு என் கையில் தேய்த்துக் காட்டியபோதும் பளிச்சென்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து பிரஷ்ஷால் போட்டால் பாதி நிறங்கள் தெரியவே இல்லை. மீதி, சுண்ணாம்பு அடித்த சுவர்போலச் சாம்பல் பூத்து நிற்கின்றன. போதாததற்குக் கன்னமெல்லாம் பொடி கொட்டுகிறது.

தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். பள்ளிக்கும் கல்யாணத்துக்கும் சேர்த்து ஒரே பேலட் வாங்க வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கினால்தான் உருப்படியாக இருக்கும் என்று தங்கை அடித்துச் சொல்கிறாள். அவ்வளவு செலவழிக்க எனக்கு மனமில்லை. குறைந்த விலையில் நல்லதைப் பார்த்து எடுக்க ஏதாவது வழி இருக்கிறதா?

முத்தியால்பேட்டை அக்கா பதில்:

டீச்சர், புதுச்சேரியில் பதினாறு வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். தங்கை சொல்வதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். ஐ ஷேடோவில் குறைந்த விலைக்கு நல்லது கிடைப்பது பழுப்பு நிறங்களில்தான். நீலம், ஊதா வேண்டுமென்றால் கொஞ்சம் யோசிக்கச் சொல்வேன். பழுப்புக்கு 500 ரூபாய் தாராளம்.

முதலில் கணக்குப் போடும் முறையை மாற்றுங்கள். பதினெட்டு நிறம் 350 ரூபாய் என்றால் ஒரு நிறம் இருபது ரூபாய்கூட ஆகவில்லையே என்று மனம் குளிர்ந்துவிடும். அங்கேதான் ஏமாறுகிறோம். அந்தப் பேலட்டை எடுத்து, ஒவ்வொரு நிறத்தையும் பிரஷ்ஷால் ஒரே ஒரு முறை இமையில் போட்டுப் பாருங்கள். மூன்றடி தள்ளி நின்று கண்ணாடியைப் பார்த்தால் தெரிகிறதா? தெரியாததைக் கழியுங்கள். சாம்பல் பூப்பதைக் கழியுங்கள். ஒன்றுபோலவே இரண்டு இருந்தால் ஒன்றைக் கழியுங்கள். மிஞ்சுவது எத்தனையோ அதனால்தான் விலையை வகுக்க வேண்டும்.

இந்தப் பழுப்புப் பேலட் மோகம் பரவியது, 2010இல் அர்பன் டிகே என்ற அமெரிக்க அழகுசாதன நிறுவனம் 'நேக்கட்' என்று பன்னிரண்டு நிறப் பேலட் ஒன்றைக் கொண்டுவந்த பிறகுதான். அதை 2018இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் மலிவு விலைப் பேலட்டுகள் பலவற்றில் இன்றும் அதே மாதிரியான வரிசையைப் பார்க்கலாம்: வெளிர் நிறங்கள் கொஞ்சம், மினுமினுப்பு நிறைய, அடர் பழுப்பு ஒன்றிரண்டு. வெள்ளைத் தோலில் அழகான நிழல் விழச் செய்யும் நடுப்பழுப்பு நம் தோலின் நிறமேதான். பூசினாலும் பூசாததுபோலத்தான் இருக்கும். நமக்கு நடுநிறம் என்பது செங்கல், இலவங்கப்பட்டை, பழைய புளி. அடர்நிறம் என்பது கருப்பட்டி. இந்த நான்கும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் விலையையே கேட்பேன்.

கடையில் விரலால் தேய்த்துக் காட்டினால் நம்பாதீர்கள். விரலின் எண்ணெயும் சூடும் எந்தப் பொடியையும் பளபளக்க வைத்துவிடும். கைப்பையில் சுத்தமான பிரஷ் ஒன்றைக் கொண்டுபோங்கள். முன்கையில் பவுடரோ கிரீமோ இல்லாத இடத்தில் ஒரு முறை இழுங்கள். பிறகு கடையின் வெள்ளை விளக்கை விட்டு வாசலுக்கு வாருங்கள். நேரு வீதி வெயிலில் நின்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். பக்கத்திலேயே இன்னொரு நிறத்தைப் போட்டு இரண்டும் சேரும் இடத்தைப் பிரஷ்ஷால் கலைத்துப் பாருங்கள். நல்ல பொடி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல மாறும். மட்டமான பொடி இரண்டும் கலந்து சேற்று நிறமாகிவிடும், அல்லது நடுவில் தோல் வெளியே தெரியும்.

கோடாகத் திரள்வதற்குப் பேலட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் எண்ணெய் இமைமீது நேரடியாகப் போட்டால் எந்த விலைப் பொடியும் நிற்காது. டிஷ்யூவால் எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டு, அரிசியளவு கன்சீலரை, அதாவது தோல் நிறத்திலேயே இருக்கும் மறைப்புக் கிரீமை, இரண்டு இமைக்கும் சேர்த்து மெல்லியதாகத் தடவி, மேலே துளி பவுடர் ஒற்றுங்கள். பிறகு ஐ ஷேடோவைத் தேய்க்காமல் அழுத்தி அழுத்திப் போடுங்கள்.

பேலட்டில் எத்தனை கிராம் பொடி இருக்கிறது என்று நீங்கள் பார்க்க வேண்டாம், அந்தக் கவலையை எனக்கு விட்டுவிடுங்கள். ஒரே முகூர்த்த நாளில் மூன்று பெண்களுக்குப் போடுகிறவள் நான். ஒரு பெண் தனக்கு மட்டும் வாங்கிய பேலட்டை அடிமட்டம்வரை தீர்த்து நான் பார்த்ததில்லை.

சிப்காட் ஆய்வகத்தான் பதில்:

அக்கா அனுபவத்தில் சொன்னதற்கு வேதியியல் காரணம் இருக்கிறது. நான் நிறமி ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மனைவிக்கு வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன்.

அங்கே 77491, 77492, 77499 என்று மூன்று எண்கள் இருக்கும். முறையே சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள். பெரும்பாலான பழுப்பு நிறங்கள் இந்த மூன்றின் கலவைதான். நம் பாட்டி வீட்டு ரெட் ஆக்சைடு தரையின் சிவப்பும் இதே இரும்பு ஆக்சைடுதான். ஆனால் அழகுசாதனத்துக்கானதை ஈயமும் ஆர்சனிக்கும் வரம்புக்குள் இருக்கும்படி தனியாகத் தூய்மையாகத் தயாரிக்கிறார்கள். தரைப்பொடியைக் கண் பக்கமே கொண்டுபோகக் கூடாது. இரண்டாயிரம் ரூபாய்ப் பேலட்டிலும் பழுப்புக்கு இந்த எண்கள்தான் இருக்கும். நிறமி மலிவானது. வித்தியாசம் எவ்வளவு நுண்மையாக அரைத்தார்கள், எதைக் கொண்டு பிணைத்தார்கள், டால்க் என்ற வெள்ளைப் பொடியை எவ்வளவு கொட்டி நிரப்பினார்கள் என்பதில் இருக்கிறது. டீச்சர் சொன்ன சாம்பல் பூப்பு, வெள்ளை நிரப்பிகள் மிகுந்து நிறமி குறைந்ததால் வருவது.

மினுமினுப்பு நிறத்தை வைத்துத் தரத்தை எடைபோடாதீர்கள். மைக்கா என்ற அபிரகத்தின் நுண்ணிய தகடுகளின்மேல் டைட்டானியம் டைஆக்சைடு பூசியிருப்பார்கள். அது தானாகவே வழுக்கிக்கொண்டு போய்ப் பளபளக்கும். மட்டமான பேலட்டிலும் அது ஓரளவு நன்றாகவே இருக்கும். மேட் நிறத்தை, அதாவது மினுமினுப்பே இல்லாத நிறத்தை, செய்வதுதான் கடினம். ஆகவே வரிசையிலேயே அடர்த்தியான மேட் நிறத்தைச் சோதியுங்கள். அது திட்டுத் திட்டாக இல்லாமல் படிந்தால் மற்றவற்றை நம்பலாம்.

ஒன்றில் மட்டும் டீச்சரோடு மாறுபடுகிறேன். பொடி எழும்புவதை வைத்து மட்டும் ஒரு பேலட்டை ஒதுக்கிவிடக் கூடாது. பிணைப்பு குறைவாக இருந்தால் பொடி எழும்பும், நிறமும் எளிதில் வரும். பிணைப்பைக் கூட்டி இறுக்கி அழுத்தினால் பொடி எழும்பாது, நிறமும் வராது. பிரஷ்ஷை லேசாகத் தொட்டு ஒரு தட்டு தட்டிவிட்டுப் போட்டும் கன்னத்தில் கொட்டினால்தான் குறை.

சைவம் பார்ப்பவர்கள் 75470 என்ற எண்ணைக் கவனியுங்கள். அது கார்மைன், கோச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு.

ஓ.டி. செவிலியர் பதில்:

கடலூர் ஓல்டு டவுனிலிருந்து எழுதுகிறேன். எண்களையெல்லாம் படிக்கும்போது, தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி ஆகியவற்றையும் தேடுங்கள். வெளிநாட்டுப் பொருளென்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் துணி வாங்குங்கள், பாத்திரம் வாங்குங்கள். எழுத்தே இல்லாத பெட்டியில் வரும் எதையும் கண்ணுக்கு வாங்காதீர்கள்.

கடைச் சோதனைப் பேலட்டைக் கண்ணில் தொடவே கூடாது. எத்தனை பேர் விரல் பட்டதோ. மெட்ராஸ் ஐ வந்து போனால், அந்தச் சமயத்தில் பயன்படுத்திய மையையும் ஐ ஷேடோவையும் தூக்கி எறிந்துவிடுங்கள். 450 ரூபாய் போயிற்றே என்று வைத்துக்கொள்ள வேண்டாம். கல்யாண வீட்டில் ஆளாளுக்கு வந்து உங்கள் பேலட்டைக் கேட்பார்கள் டீச்சர், கொடுக்காதீர்கள்.

மஞ்சக்குப்பம் டீச்சர் மீண்டும்:

அக்கா, நேற்று இரவு உட்கார்ந்து கழித்துப் பார்த்தேன். பதினெட்டில் ஏழு தெரியவே இல்லை. நான்கு சாம்பல் பூத்தன. நான்கு, பக்கத்து நிறத்தின் நகல். மிஞ்சியவை மூன்று. நிறம் ஒன்று ஏறக்குறைய 117 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன்! அந்த மூன்றில் கருமையான மேட் ஒன்று நன்றாக இருக்கிறது. பிரஷ்ஷை நனைத்துத் தொட்டால் இமையோரக் கோட்டுக்கு உதவுகிறது, அதை வைத்துக்கொள்கிறேன்.

இன்று பள்ளி விட்டதும் பஸ் பிடித்துப் புதுச்சேரி போய், பிரஷ்ஷோடு நான்கு கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடையில் வாசலுக்கு எடுத்துப்போக விடவில்லை, அதனால் அங்கே வாங்கவில்லை. நான்காவது கடையில் ஒன்பது நிறம், 450 ரூபாய். கருப்பட்டி நிற மேட்டை முதலில் இழுத்தேன், ஒரே இழுப்பில் படிந்தது. செங்கல் இருக்கிறது, பட்டை இருக்கிறது. வீட்டில் இமையில் போட்டுக் கழித்ததில் ஆறு நின்றன. நிறம் ஒன்று 75 ரூபாய். உரிம எண்ணும் தேதியும் பெட்டியில் இருக்கின்றன.

தங்கை வந்து பார்த்தாள், விலையைக் கேட்டாள், ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து என் கண்ணாடி முன்னால் நின்று செங்கல் நிறத்தைத் தன் இமையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். செவிலியர் சகோதரி மன்னிக்க வேண்டும், அவளுக்கு மட்டும் தனிப் பிரஷ் கொடுத்துவிட்டேன். அக்கா, முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு, திருப்பாதிரிப்புலியூரில். மணப்பெண் அலங்காரத்துக்கு நீங்கள் கடலூர் வரை வருவீர்களா?