ஏர் கூலரா, ஏ.சி.யா: சென்னைப் புழுக்கத்துக்கு ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வேலூரில் 40 டிகிரி வெயிலிலும் ஏர் கூலரை வைத்தே கோடையைக் கடத்திய என் தாயார், சென்ற மாதம் சென்னையில் கடற்கரைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தபின், 33 டிகிரியையே தாங்க முடியவில்லை என்கிறார். அவர் மிகைப்படுத்துவதாகவே முதலில் நினைத்தேன்.

பிறகு இரண்டு வெப்பமானிகளை வாங்கி, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, மின்விசிறிக் காற்றில் வைத்துப் பார்த்தேன். உலர்ந்தது 33 டிகிரியும் ஈரமானது 28 டிகிரியும் காட்டின. துணியின் நீர் ஆவியாவதால் ஏற்படும் இந்த 5 டிகிரி வேறுபாட்டின்படி, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 69 விழுக்காடு. வெப்பக் குறியீட்டு அட்டவணைப்படி, நிழலில் இருந்தாலும் உடல் இதைச் சுமார் 43 டிகிரியாக உணரும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். காற்றிலேயே நீராவி மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறதே தவிர, உடல் குளிர்வதில்லை. ஏர் கூலரும் நீரை ஆவியாக்கியே குளிரூட்டுவதால், சன்னலை மூடிய அறையில் அரை மணி நேரத்தில் தலையணை உறைகூடப் பிசுபிசுத்துவிடுகிறது.

தாயாருக்கு ஏ.சி.யின் குளிர் ஒத்துக்கொள்வதில்லை. எனவே, ஏ.சி.யை 27 டிகிரியில், ஈரப்பதத்தைக் குறைக்கும் 'டிரை' நிலையில் வைத்து, மின்விசிறியையும் சேர்த்து ஓட்டினால் போதுமா? ஈரப்பதம் நீக்கும் கருவி தனியாக வாங்கினால், அது வெளியிடும் வெப்பம் சிறிய அறையில் தொல்லையாகுமா? கடலோரத்தில் வசிப்பவர்கள், இயன்றால் அறையின் அளவோடும் மின்கட்டண விவரத்தோடும், தங்கள் அனுபவத்தைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.