ரயில் நிலம், நகர மன்றம், நடுவில் ஒரு வேலி: உங்களுக்கு என்ன நடந்தது?

வேலியோரத்தான்

ஒரு வாழைமரக் கதையில் ஆரம்பிக்கிறேன்.

2003 வாக்கில் சிங்கப்பூரில், அடுக்குமாடி புளோக்குகளைப் பராமரிக்கும் நகர மன்றம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தேன். எங்கள் புளோக்குகளின் பின்புறம் கம்பி வேலி, வேலிக்கு அப்பால் தண்டவாளம். தரைத்தள வீட்டு ஆயா ஒருவர் வேலியைத் தாண்டி வாழை நட்டுவிட்டார். நாலு வருடத்தில் அது தோப்பாகிவிட்டது. மட்டையில் தண்ணீர் தேங்கி, கொசு வந்து, புளோக்கில் இரண்டு பேருக்கு டெங்கி. புகார் மேல் புகார்.

மரத்தை வெட்ட அரை மணி நேரம் போதும். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் துப்புரவுத் தொழிலாளி காலை வைக்கக்கூடாது. ரயில் போகிற இடம், அதுவும் மலேசிய ரயில் நிறுவனத்தின் கையிலிருந்த நிலம். கடிதம் எழுதினோம். எங்கள் அலுவலகம், அதற்கு மேலே ஒரு அலுவலகம், அங்கிருந்து ரயில் நிறுவனம், அங்கேயும் ஒரு மேலே. பதில் வந்தது, மறுக்கவில்லை. எல்லை வரைபடம் வேண்டும் என்றார்கள். அனுப்பினோம். அளவு பொருந்தவில்லை என்றார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, எங்கள் வரைபடத்திலேயே வேலி இரண்டடி தள்ளித்தான் இருந்தது.

அந்தப் பாதையில் தினமும் காலையில் ஒரு மண்டோர், அதாவது ரயில்பாதை மேஸ்திரி, நடந்து வருவார். கையில் நீளமான ஸ்பேனர், தோளில் துண்டு. சிலிப்பர் கட்டையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போவார். ஒருநாள் வேலியோரம் நின்று தமிழில் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "நீங்க லெட்டர் போட்டுக்கிட்டே இருங்க தம்பி. நான் நாளைக்கு வெட்டிடுறேன். லைன் ஓரம் மரம் நிக்கக்கூடாது, அது என் வேலைதான்."

மறுநாள் தோப்பு இல்லை. முற்றிய தார் இரண்டை வேலி மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார், ஆயாவுக்கு. எங்கள் கோப்பில் மட்டும் அந்த விவகாரம் மேலும் எட்டு மாதம் நிலுவையில் இருந்தது.

இப்படி உங்களுக்கும் ஏதாவது நடந்திருக்குமே, எழுதுங்கள்.

லாரி மாமா

எனக்கு எல்லைச் சண்டை எல்லாம் இல்லை, காத்திருந்ததுதான் அனுபவம். சுவா சூ காங் ரோட்டு ரயில்வே கேட். மணி அடித்தால் எஞ்சினை அணைத்துவிட்டுப் பேப்பர் படிக்க ஆரம்பிப்பேன். இந்தத் தீவில் காரை நிறுத்திவிட்டு ரயிலுக்கு வழிவிட்டது அந்த மாதிரி சில இடங்களில்தான். கிராஞ்சி ரோட்டிலும் ஒன்று இருந்தது.

பாலத்தடி

என் கதை விளக்குக் கதை.

எங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் ரயில் பாலம் ஒன்று. அடியில் நடைபாதை. ஒரு பல்பு எரியும், அது போய்விட்டது. இரவு வேலை முடித்து வரும் பெண்களுக்குப் பயம். நகர மன்றத்துக்குப் போன் செய்தேன். நடைபாதை பாலத்துக்கு முன்னால் வரை எங்களுடையது, அடியில் இல்லை என்றார்கள். சரி, சாலையைப் பார்க்கிற துறை? தார் போட்ட இடம் மட்டும் எங்கள் பொறுப்பு, விளக்கு பாலத்தில் மாட்டியிருக்கிறதே என்றார்கள். பாலம் ரயில்காரர்களுடையது. அவர்களிடம் கேட்டால், மேலே தண்டவாளம் இருக்கிற இரும்பு மட்டும்தான் நாங்கள், விளக்கு நாங்கள் போட்டதில்லை!

ஒருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. கடைசியில் மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சிக்குப் போய் நாடாளுமன்ற உறுப்பினரிடம் சொன்னேன். தொண்டூழியர் மூன்று கடிதம் தட்டினார். இரண்டு வாரம் கழித்து விளக்கு எரிந்தது. மாற்றியது யார் என்று மூன்று பதில் கடிதத்திலும் இல்லை.

பழைய குமாஸ்தா

இந்தக் குழப்பத்தின் வேர் எல்லோருக்கும் தெரிந்திருக்காது. நான் நிலப் பத்திரங்களோடு வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

1903இல் ரயில் ஓடத் தொடங்கியபோது அது சிங்கப்பூர் அரசாங்கத்தின் ரயில், தேங்க் ரோட்டிலிருந்து உட்லண்ட்ஸ் வரை. 1918இல் ஒரு சட்டம் போட்டு ரயிலையும் அதன் நிலத்தையும் கூட்டு மலாய் மாநிலங்களின் அரசிடம் ஒப்படைத்தார்கள். நிலத்தின் பெரும்பகுதி 999 ஆண்டுக் குத்தகை. அப்போது இரண்டு பக்கமும் ஆங்கிலேயர் ஆட்சி, யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. 1965இல் நாம் மலேசியாவிலிருந்து பிரிந்த பிறகுதான் அதே நீளத் துண்டு அண்டை நாட்டின் கையிலிருக்கும் நிலமாக நம் வீட்டுப் பின்புறம் கிடந்தது.

பாலங்களின் கதை வேறு. பழைய பாதை ஆர்ச்சர்ட் ரோடு பக்கம் ஊருக்குள் புகுந்து போனது. கேட்டில் வண்டிகள் நெரிசல். அதனால் 1932இல் பாதையைத் திருப்பி, புக்கிட் தீமாவில் ரோட்டுக்கு மேலே இரும்புப் பாலம் கட்டி, தஞ்சோங் பகாரில் புது நிலையம் திறந்தார்கள். சாலையும் ரயிலும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கத்தான் பாலம். காகிதத்தில் மட்டும் தொட்டுக்கொண்டே இருந்தன, பாலத்தடி சொன்ன பல்பு போல.

1990இல் அந்த ரயில் நிலம் பற்றி இரு நாடும் ஒப்பந்தம் போட்டன. அதற்கு என்ன அர்த்தம் என்று பேசியே 20 வருடம் போனது. 2010இல்தான் முடிவு: ரயில் நிலத்துக்குப் பதிலாக மரினா சவுத்திலும் ஓஃபிர்–ரோச்சோர் பக்கத்திலும் நிலம், அதைக் கட்டி எழுப்ப 60:40 பங்கில் ஒரு கூட்டு நிறுவனம். மலேசியாவுக்கு 60. மேம்பாட்டு வரி யார் கட்டுவது என்று ஒரு வழக்கு பாக்கியிருந்தது, 2014இல் நடுவர் மன்றம் கூட்டு நிறுவனம் கட்ட வேண்டியதில்லை என்று சொல்லி முடித்தது. இரண்டு அரசும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டன. எனக்கு அது இன்றுவரை ஆச்சரியம்.

கேங்காரர் மகள்

குமாஸ்தா அண்ணன் சொன்ன "நீளத் துண்டு"தான் எங்கள் ஊர்.

அப்பா லைனில் வேலை. ரயில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். வாழைமரம் வெட்டிய மண்டோர் யாரோ தெரியவில்லை, ஆனால் அப்பாவும் அதையேதான் செய்திருப்பார். லைனில் நின்றவர்களில் பாதிப் பேர் தமிழர்கள், வேலிக்கு இந்தப் பக்கம் கூட்டிப் பெருக்கியவர்களிலும் நம்மவர் நிறையப் பேர். மேலே கடிதம் போகும், கீழே கோப்பிக் கடையில் பேச்சு முடிந்துவிடும்.

காமன்வெல்த் டிரைவில் இருக்கும் முனீஸ்வரன் கோயிலை எல்லோருக்கும் தெரியும். அது முதலில் 1932இல் குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்து ஓரமாக ரயில் தொழிலாளர்கள் வைத்த சிறு குடிசைக் கோயில். அப்பா அதை "நம்ம லைன் முனி" என்றுதான் சொல்வார்.

2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டினார். புக்கிட் தீமா நிலையத்தில் நிற்க இடமில்லை. எல்லோர் கையிலும் கேமரா. அப்பா மட்டும் ஒதுங்கி நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போல்ட்டு எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். அப்புறம் ஜூலை 17 வரை பாதையை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவரைக் கூட்டிப்போனேன். நடுத் தண்டவாளத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து, "எழுந்திருங்கப்பா, அடிபடும்" என்று ஒரு அதட்டு. பழக்கம்.

வேலியோரத்தான்

மகளே, அந்த அதட்டை நானும் கேட்டிருக்கிறேன், வேறொரு மண்டோரிடம்.

ஓய்வு பெற்ற பிறகு இப்போது அந்தப் பாதையில்தான் என் காலை நடை. போன மாதம் பழைய வேலியருகே மரக்கிளை ஒன்று முறிந்து கிடந்தது. நல்ல குடிமகனாகப் போன் செய்தேன். எதிர்முனையில் ஒரு பெண், மிகவும் மரியாதையாக, "ஐயா, கிளை வேலிக்கு எந்தப் பக்கம் கிடக்கிறது?" என்று கேட்டார்.

இரண்டு பக்கமும் என்றேன்.