புதுப்பிப்பு: கூட்டு வீட்டில் மருந்து விஷயம்

மனநலச் சிகிச்சைக்குப் பிறகு போக்கிடம் இல்லாத நாலைந்து பேரைக் கடலூரில் ஒரு சாதாரண வாடகை வீட்டில், பணியாளர் துணையோடு குடிவைப்பது பற்றி முன்பு எழுதியிருந்தேன். மருந்து பற்றிப் பலர் கேட்டதால் இது.

மனநிலை ஏற்ற இறக்கத்தைச் சீராக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவரிடம்தான் அதிகக் கவனம் வேண்டும். கத்திரி வெயிலில் வியர்த்துக் கொட்டினாலோ வயிற்றுப்போக்கு வந்தாலோ ரத்தத்தில் மருந்தளவு ஏறிவிடும். கை நடுக்கம் கூடி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளும் இதே ஆபத்தைக் கொண்டுவரும். லித்தியம் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. ரத்தம் எடுத்த பிறகே காலை மாத்திரை. பணியாளர்கள் மாறும்போது இதுதான் முதலில் தவறிப்போகிறது.

ஐப்பசிக்கு முன்பே ஒரு மாத மருந்தும் மருத்துவர் சீட்டின் நகலும் ஈரம் படாத டப்பாவில் இருக்கட்டும். 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வீடு தர உரிமையாளர் தயங்கினால்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சமூகத்தோடு வாழும் உரிமையைத் தருகிறது; ஆனால் அதைச் செய்துதரும் கடமை அரசுடையது. அவரிடம் சட்டம் பேசுவதைவிட, இரவிலும் வரக்கூடிய ஒருவரின் கைபேசி எண்ணை எழுதிக் கொடுங்கள். பணியாளருக்கு இரவில் ஆலோசனை தேவைப்பட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.